எதிர் வரிசைக்குக் குடிபோனோம்

திருத்தணிக்குக் கிளம்பிய நான் முதலில் கால் வைத்தது ஆந்திராவில்.

ரயிலில் நன்றாகத் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது வண்டி ஒரு சிறிய நிலையத்தில் நின்றிருந்தது. பெயர்ப்பலகை நிலையத்தைவிட நீளமாக இருந்தது. வெங்கட நரசிம்ம என்பது வரை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. எதிரில் கொய்யாக் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்ணிடம், திருத்தணி எப்போது வரும் என்று கேட்டேன். அவர் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் எனக்காகத் தமிழில் சொன்னார்: “இந்த வண்டி திரும்பிப் போறப்ப வருமாம்.”

நகரியில் இறங்கிப் பேருந்து பிடித்தேன். என்னைச் சுற்றிலும் மொட்டையடித்துச் சந்தனம் பூசப்போகிற குடும்பங்கள். ஒரு குழந்தை என் மடியில் உட்கார்ந்து என் தொப்பியைக் கடித்துக்கொண்டே வந்தது. அதன் அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும்தான். நான் வாழும் மலேசியாவில் முன்பின் தெரியாதவர் மடியில் யாரும் பிள்ளையை இறக்கிவிட மாட்டார்கள்.

தேன்மொழி கைபேசியில் கூப்பிட்டாள். “அப்பா, எங்க இருக்கீங்க?”

“ஆந்திராவில.”

“எதுக்கு?”

“சும்மா பார்த்துட்டு வரலாம்னு.”

அவள் சிரித்த சிரிப்பில் எனக்குப் பாதிக் களைப்பு போய்விட்டது.

தேன்மொழி எங்களுக்கு ஒரே மகள். நகரமைப்பு படிக்கச் சென்னைக்கு வந்தவள், பிரபுவைக் கட்டிக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டாள். பிரபுவுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. தேன்மொழி ஒரு தனியார் நிறுவனத்தில். திருத்தணியில் மலையடிவாரத்துக் கடைத்தெரு ஒன்றை அகலப்படுத்தி, நடைபாதை போட்டு, கால்வாய் மூடித் தருவதற்கான திட்டத்தை வரைகிற பொறுப்பு அவளுக்கு. மற்றவர்கள் சென்னை அலுவலகத்தில் உட்கார்ந்து வரைவார்கள், வேண்டும்போது வந்து பார்ப்பார்கள். இவள் அந்தத் தெருவிலேயே ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்துக் குடியேறிவிட்டாள். இப்போது வயிற்றில் குழந்தை வேறு.

போன வருடம் ஒன்று தங்கவில்லை. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. முழங்கால் வலியோடு வாசல்வரை வந்து வழியனுப்பிய என் மனைவி லெட்சுமி அதை மனதில் வைத்துத்தான் சொன்னாள்: “பேச்சு கொடுத்துட்டு நிக்காதீங்க. அவளக் கூட்டிட்டு வாங்க. இங்க பெத்துக்கட்டும்.” இன்னும் சில வாரம் போனால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அதனால்தான் இந்த அவசரப் பயணம்.

இதில் எனக்கு இருந்த ஒரே சங்கடம், இந்த வம்பை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவனே நான்தான்.

ஈப்போவிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சிறிய ஊரில் எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை இருந்தது. கீழே கடை, மாடியில் வீடு. தேன்மொழி அந்த மாடியில்தான் வளர்ந்தாள். பிறகு எங்கள் தெருவை ஒருவழிப்பாதை ஆக்கினார்கள். பேருந்து நிறுத்தம் வேறு பக்கம் போயிற்று. ஆட்கள் நடந்து வருவது நின்றது, கடைகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின, என் கடையும் சாத்தியது. அந்த வரைபடத்தைப் போட்டவர்கள் எல்லோரும் குன்றின் மேல் தோட்டம் வைத்த வீடுகளில் இருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் நான் சோற்றைப் பிசைந்தபடி கத்துவேன்: “கோடு போடுறவன் அந்தத் தெருவிலயே குடியிருக்கணும். பெண்டாட்டி பிள்ளையோட குடியிருக்கணும்.” எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை அதை மறக்கவே இல்லை.

தேன்மொழியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. கீழே டிபன் கடை. தெருவைப் பார்த்தபடி பெரிய தோசைக்கல், அதற்குப் பின்னால் நின்று மாவு ஊற்றிக்கொண்டிருந்த சுகுணாதான் வீட்டுக்காரர். ஐம்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் கரண்டியைத் தூக்கிக்காட்டி, “வாங்கண்ணா, மலேசியா அண்ணாதான? பொண்ணு காத்தாலயிருந்து மூணு வாட்டி ரோட்டப் பாத்துக்கினு போச்சி. மேல போங்க, தோச வருது,” என்றார். பெட்டியை வைக்கும் முன்னால் தோசை வந்துவிட்டது.

படியேறினால் ஒரு அறை, ஒரு சமையல் மூலை, தெருவைப் பார்த்த ஜன்னல். தேன்மொழி நின்றுகொண்டிருந்தாள். வயிறு தெரிந்தது. முகம் உருண்டிருந்தது. கட்டிப்பிடிக்கலாமா, எங்கே அழுத்திவிடுமோ என்று நான் தயங்கியதைப் பார்த்து, “உடைஞ்சிட மாட்டேன்ப்பா, வாங்க,” என்றாள்.

வெளியே பேருந்துகளின் ஊதல், ஒலிபெருக்கியில் முருகன் பாட்டு, தேங்காய் உடைக்கிற சத்தம், எல்லாம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தன. இதற்குள்ளா என் பேரப்பிள்ளை வளர்கிறது என்று நினைத்தேன். சொல்லவில்லை. முதல் நாளே சண்டை வேண்டாம்.

மறுநாள் காலை இட்லியும் வடகறியும். எங்கள் ஊரில் இந்த நேரத்துக்கு நான் ரொட்டி சானாயைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருப்பேன். வடகறி அதையெல்லாம் ஒரு வாயில் மறக்கடித்துவிட்டது. தேன்மொழியின் தட்டில் மட்டும் மிளகாய் போடாத சட்னி. கேட்காமலே வந்தது.

சாப்பிட்டதும் என்னைத் தெருவில் நடத்திக் கூட்டிப்போனாள். மருத்துவர் நடக்கச் சொல்லியிருக்கிறாராம். அவள் நடக்கிற நடையில் பத்தடிக்கு ஒரு நிறுத்தம். தேங்காய்க் கடைக்காரர், மொட்டை போடும் இடத்திலிருந்து தலையைத் தடவிக்கொண்டு வருகிறவர், விபூதி பொட்டலம் கட்டுகிறவர் என்று எல்லோரும் அவளிடம் ஏதாவது கேட்டார்கள். “இஞ்சினீரம்மா, கால்வா எப்ப மூடுவாங்க?” “இஞ்சினீரம்மா, வெயிலுக்கு மோரு குடிச்சிட்டுப் போங்க.” தான் இஞ்சினியர் இல்லை என்று ஒவ்வொருவருக்கும் விளக்குவதை அவள் எப்போதோ கைவிட்டிருந்தாள்.

சுவர்களில் சிவப்பு வண்ணத்தில் அம்புக்குறிகள் இருந்தன. தெரு எதுவரை அகலமாகும் என்பதற்கான அடையாளம். “இது முடிவில்லைப்பா. நான் வரைஞ்சதை வெச்சுப் போட்டிருக்காங்க. ஆட்சேபணை கேட்டு, பிறகுதான் முடிவு,” என்றாள்.

“நடைபாதைக்கு மேல கூரை உண்டா?” என்று கேட்டேன். எங்கள் ஊரில் கடைகளுக்கு முன்னால் வரிசையாகக் கூரையிட்ட நடை இருக்கும். மழையானாலும் வெயிலானாலும் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நனையாமல் போகலாம்.

“போட்டிருக்கேன். அதுக்குக் கீழதானே நான் சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டேன்.”

அந்த மாலை தனியாக மலையேறினேன். பாதிப் படியில் ஒரு குரங்கு என் கையிலிருந்த வாழைப்பழத்தை, ஏதோ நான் அதற்காகவே கொண்டுவந்ததைப் போல, அமைதியாக வாங்கிக்கொண்டது. மேலே தரிசனம் முடித்து மதிலோரம் நின்று ஊரைப் பார்த்தேன். கீழே கூரைகள், தண்ணீர்த் தொட்டிகள், ரயில் பாதை, தூரத்தில் கரும்பு. எங்கள் தெருவைக் கண்டுபிடித்தேன். சுண்டுவிரல் அகலம் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் அதை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நகர்த்திவிடலாம் போலிருந்தது.

அடுத்த நாள் பிரபுவோடு சேர்ந்து என் வேலையைத் தொடங்கினேன். அவருக்கும் உள்ளுக்குள் என் எண்ணம்தான். “நானே சொல்லிப் பாத்துட்டேன் மாமா. அரக்கோணத்துல ஒரு வீடு பாத்து வெச்சிருக்கேன். நீங்க சொன்னா கேப்பா.” மூவரும் ரயிலேறினோம். நின்றுகொண்டு வந்த ஓர் அம்மாள் தேன்மொழியின் வயிற்றைப் பார்த்துவிட்டு, உட்கார்ந்திருந்த தன் கணவரைத் தட்டி, “பாவா, எழுந்துருய்யா, அந்தப் பொண்ணு குந்தட்டும்,” என்றார். பாவா சிரித்துக்கொண்டே எழுந்தார்.

வீடு நன்றாகத்தான் இருந்தது. வேப்பமரம், கிணற்றடி, சந்தடியில்லாத தெரு. “பாரும்மா, எவ்வளவு அமைதி,” என்று நான் சொல்லி வாயை மூடுவதற்குள் பக்கத்துக் கடற்படைத் தளத்திலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று தலைக்கு மேல் கூரையைத் தொட்டுவிடுவதுபோல் போனது. மூவரும் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியதும் தேன்மொழி வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றாள். “நல்லா இருக்குப்பா. பிள்ளைக்கு நல்லா இருக்கும்,” என்றாள். எனக்கு நெஞ்சு லேசானது. பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன். வீட்டுக்காரரிடம் சாவி எப்போது கிடைக்கும் என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

திரும்பி வந்து தெருவில் இறங்கியபோதுதான் அது நடந்தது.

சுகுணாவின் கடைக்கு நேர் எதிரே பூக்கடை. மாலையும் காவடிக்கான பூவும் கட்டி விற்கும் ரமணம்மா, கணவர் இல்லாதவர். பள்ளிப்பட்டுப் பக்கம் பிறந்தவர். கோபம் வந்தால் தமிழும் தெலுங்கும் கலந்து வரும் என்று பிரபு சொல்லியிருந்தார். அன்று எங்களைப் பார்த்ததும் மடியிலிருந்த பூவைத் தட்டிவிட்டு எழுந்து நடுத்தெருவுக்கு வந்துவிட்டார்.

“இன்னா இஞ்சினீரம்மா, நில்லு. அந்தாண்ட சுகுணா வூட்டு தோச துன்னா, கோடு அப்டியே நெளிஞ்சி எங்க வூட்டுக்குள்ள பூந்துடுமா?”

தேன்மொழி நின்றாள். “ரமணம்மா, அது...”

“நீயே பாரு. அந்தப் பக்கம் அம்பு வாசப்படியாண்ட நிக்குது. எங்க பக்கம் நடுக்கடையில வந்து குந்திகினு கீது. நானு இன்னாத்த பண்ணுவேன், பூவ தலமேல வெச்சிகினு விக்கவா?”

“அந்தப் பக்கம் தண்ணிக் குழாய் போகுதுங்க. அதைத் தோண்டினா செலவு...”

“குழா எங்க பக்கமும் போவுது. நீ எங்க வூட்டாண்ட குடி வந்திருந்தீன்னா கோடு அந்தாண்ட போயிருக்கும். அவ்ளோதான.”

பேச்சு அவ்வளவுதான். திரும்பிப் போய் உட்கார்ந்து மறுபடி பூத்தொடுக்கத் தொடங்கிவிட்டார். தெருவில் பத்துப் பேர் நின்று பார்த்தார்கள். தோசைக்கல்லுக்குப் பின்னால் சுகுணா தலையைக் குனிந்துகொண்டார். நான் என் மகளுக்காக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு எதிர்வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அந்தம்மா சொன்னது சரியாம்மா?”

“நான் வேணும்னு செய்யலைப்பா. குழாய் கணக்கு உண்மைதான். ஆனா அந்தக் கணக்க அங்கயும் போட்டுப் பாத்திருக்கணும். சுகுணாக்கா கடைய அளக்கப் போனப்ப, அவங்க எங்க நின்னு மாவு அரைக்கிறாங்க, பாத்திரம் எங்க கழுவுறாங்க, கால் வலிச்சா எங்க உக்காருறாங்க எல்லாம் தெரியும். ஒரு அடிகூட எடுக்க மனசு வரலை. எதிர்ப்பக்கம் போனப்ப எனக்கு அது வெறும் கட்டடம்.”

எனக்குக் கிடைத்த நல்ல சமயம் அது. விட மனமில்லை. “அதுதான்மா நான் சொல்றேன். அப்பா அன்னிக்குச் சொன்னது தப்பு. கோடு போடுறவங்க அங்க குடியிருக்கக் கூடாது. பழகிட்டா கை ஒரு பக்கம் சாயும். வழக்கு விசாரிக்கிறவர் வாதியோட வீட்டிலயா தங்குவார்? நாம அரக்கோணத்துக்குப் போயிடலாம். இல்ல, என்னோட வந்துடு. அம்மா காத்துக்கிட்டு இருக்கா.”

அவள் என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

“தூரத்துல இருந்து வரைஞ்சா ரெண்டு பக்கமும் வெறும் கட்டடம்ப்பா. நம்ம தெருவ அப்படித்தானே வரைஞ்சாங்க.”

கீழே யாரோ தோசைக்கு அவசரப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்துபோய் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துவந்தேன். அதை வாங்கி வைத்துக்கொண்டு, “ரமணம்மா வீட்டு மாடி காலியா இருக்கு. அவங்க பையன் ஸ்ரீபெரும்புதூர்ல வேலைக்குப் போயிட்டான்,” என்றாள்.

“வாயும் வயிறுமா இருக்கிறவ, வீடு மாத்தக் கூடாதும்மா.”

“ஊர் மாத்தலாம், நாடு மாத்தலாம், எதிர்வீட்டுக்குப் போகக் கூடாதா?”

லெட்சுமியிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அன்று கைபேசியை அணைத்தே வைத்திருந்தேன்.

ரமணம்மாவிடம் கேட்கப் போனபோது நானும் கூடப் போனேன். கதவைச் சாத்துவார் என்று நினைத்தேன். அவர் தேன்மொழியை மேலும் கீழும் பார்த்தார். “இன்னாத்துக்கு? நானு திட்டுனதுக்கா?”

“இல்லைங்க. உங்க பக்கம் எனக்குத் தெரியலை. தெரிஞ்சிக்கணும்.”

“மேல தகர ஷீட்டு. உச்சி வெயில்ல அடுப்பு மாதிரி கீது.”

“பரவாயில்லைங்க.”

“உனக்குப் பரவாயில்ல. உள்ள இருக்கறதுக்கு?” என்று வயிற்றைக் காட்டினார். பிறகு மாடியை அண்ணாந்து பார்த்து, “தென்னங்கீத்து போட்டுத் தர்றேன். நாளைக்கி வா,” என்றார்.

கடினமான பகுதி சுகுணாவிடம் சொல்வது. தேன்மொழி சொல்லி முடிக்கும்வரை அவர் தோசையைத் திருப்பவில்லை. அது கருகியது. “ஆங், போ. உன் இஸ்டம்,” என்றார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கருகிய தோசையை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, “நானு இன்னா கொற வெச்சேன்?” என்று கல்லைப் பார்த்துக் கேட்டார்.

அடுத்த நாள் தெருவைக் கடந்து குடிபோனோம். உலகத்திலேயே சிறிய குடிபெயர்வு அதுவாகத்தான் இருக்கும். இரும்புக் கட்டிலை நானும் பிரபுவும் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் நிற்க, இரண்டு பக்கமும் பேருந்துகள் ஊதின. தேங்காய்க் கடைக்காரர் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தினார். பள்ளிப்பட்டுப் பேருந்தின் ஓட்டுநர் தலையை நீட்டி, “யாருக்கு நைனா கல்யாணம்?” என்றார். தேன்மொழியின் கையில் ஒரு தலையணையைத் தவிர வேறெதையும் யாரும் கொடுக்கவில்லை. அவள் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். சுகுணா கடைக்குள்ளேயே இருந்தார்.

என் பயணச்சீட்டைத் தள்ளிப் போட்டேன். லெட்சுமியிடம் காரணம் சொன்னதும் அவள், “நீங்க அவளக் கூட்டிவரப் போனீங்களா, கட்டில் தூக்கப் போனீங்களா?” என்றாள்.

எதிர்வரிசையில் இருந்து பார்த்தால் அது வேறு தெரு. மதியத்துக்குப் பிறகு வெயில் முழுதும் இந்தப் பக்கம்தான் விழுகிறது. ரமணம்மா கடையில் உள்ளே தள்ளித் தள்ளி வைத்துத்தான் பூவைக் காப்பாற்றுகிறார். அதனால்தான் கடைக்குள் ஒவ்வொரு அடியும் அவருக்கு வேண்டியிருக்கிறது. ஒருநாள் மழை பெய்தபோது மலைப்பக்கமிருந்து ஓடிவந்த தண்ணீர் இந்த வரிசையின் வாசலில்தான் தேங்கியது. நான் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பூக்கூடைகளை மாடிக்குத் தூக்கிப்போய்க் கட்டிலின் மேல் அடுக்கினேன். எதிர்ப்பக்கம் சுகுணாவின் கடையில் தரை காய்ந்தே இருந்தது.

ரமணம்மா தனக்கு மட்டும் காய்ச்சுகிற கேழ்வரகுக் கூழில் மோர் விட்டு, சின்ன வெங்காயத்தோடு தேன்மொழிக்கும் கொண்டுவருவார். திட்டிக்கொண்டே கொண்டுவருவார். “சோறு துன்னாம படம் போட்டுகினு இருந்தா புள்ள இன்னாத்த துன்னும்?” சொன்னபடியே தகரத்தின் மேல் கீற்று போட்டிருந்தார். தண்ணீர் தெளித்துவிட்டால் அறை இருக்கும்படியாக இருந்தது. ஒரு சாயங்காலம் அவர் என் மகளுக்குத் தலைவாரிப் பூ வைத்துவிட்டதைப் பார்த்தேன். தேன்மொழி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். வயிற்றில் குழந்தை அசைந்திருக்க வேண்டும், சட்டென்று ரமணம்மாவின் கையைப் பிடித்து அங்கே வைத்தாள். அந்தம்மாள் முகம் மாறியதை நான் பார்க்காததுபோல் தெருவைப் பார்த்தேன்.

அந்த வாரம் முழுக்க அவள் வரைந்தாள், அழித்தாள். கடைசியில் வந்த கோட்டில் இரண்டு பக்கமும் இழப்பு இருந்தது. இந்தப் பக்கம் முன்பைவிடக் குறைவு, அந்தப் பக்கம் முன்பைவிட அதிகம். தெருவின் அகலத்தையே கொஞ்சம் குறைத்திருந்தாள். வெயில் விழும் பக்கத்துக்குக் கூரை நீளம். கால்வாய் இந்தப் பக்கம் ஆழம். “இதுக்கு மேல எனக்குத் தெரியலைப்பா,” என்றாள். சென்னை அலுவலகம் ஒப்புக்கொண்டது.

சுகுணாவின் கடையில் தோசைக்கல் நிற்கும் இடம் போகிறது. அதைத் தேன்மொழியே போய்ச் சொன்னாள். நான் வாசலில் நின்றேன். சுகுணா கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு நாள் நாங்கள் எதிரில் நடந்தாலும் அந்தப் பக்கமிருந்து முகம் திரும்பவில்லை. தேன்மொழி ஜன்னலில் நின்று பார்ப்பாள். “போய்ப் பேசட்டுமாப்பா?” என்பாள். “விடும்மா, கோபப்பட அவங்களுக்கு இடம் கொடு,” என்றேன். எனக்கு என் பழைய கடையில் கடைசியாகக் கதவைச் சாத்திய சாயங்காலம் நினைவுக்கு வந்தது. அன்று யாராவது நேரில் வந்து இப்படிச் சொல்லியிருந்தால் நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்திருப்பேன். ஆனால் வந்து சொன்னார்கள் என்பதாவது மனதில் நின்றிருக்கும்.

இரண்டாம் நாள் மாலை லெட்சுமியைக் கூப்பிட்டேன். “அவ வர மாட்டா. வேலைய பாதியில விட்டுட்டு வரச் சொல்ல எனக்கும் மனசில்ல,” என்றேன். அவள் கத்துவாள் என்று கைபேசியைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்தேன். அவளோ, “அங்க படி நிறைய ஏறணுமா?” என்று கேட்டாள்.

புது அம்புக்குறி போட ஆட்கள் வந்த காலையில் தெருவே வாசலில் நின்றது. சுகுணாவின் சுவரில் வண்ணம் வைத்ததும் அவர் இடுப்பில் கைவைத்து அதையே பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி உரக்கக் கூப்பிட்டார்:

“ஏ தேனு! இங்க வா. எப்பவோ வந்து இடிக்கறவரிக்கும் நானு காத்துகினு இருக்க மாட்டேன். கல்லு உள்ள பூருதான்னு இன்னிக்கே பாத்துடறேன். தள்ளி வைக்கச் சொன்னது நீதான? நீயே வந்து தூக்கு.”

தேன்மொழி செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன். தெருவைக் கடந்து, நேராகப் போய், அணைத்திருந்த அடுப்பின் மேலிருந்த அந்தக் கனத்த கல்லின் விளிம்பில் இரண்டு கையையும் வைத்தாள்.

“அடிப்பாவி! கைய எடு!” என்று சுகுணா அலறினார். “வயித்துல புள்ளய வெச்சிகினு எத்தத் தூக்கற? ஒரு பேச்சுக்குச் சொன்னா வந்துடுவியா? குந்து! ஏ பிரபு, இவள இட்டுகினு போயி குந்த வை!”

தெருவே சிரித்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து ரமணம்மாவும் வந்து தேன்மொழியின் தோளைப் பிடித்து பெஞ்சில் உட்காரவைத்தார். சுகுணாவும் ரமணம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என்னவோ தெலுங்கில் சொன்னார் ரமணம்மா. சுகுணா மூக்கைச் சுளித்தார், ஆனால் கோபமில்லை.

கல்லை நானும் பிரபுவும் தேங்காய்க் கடைக்காரரும் தூக்கினோம். உள்ளே இரண்டு மேசையை எடுத்தால் இடம் இருந்தது. அடுப்பைப் பற்றவைத்ததும் புகை போக வழியில்லாமல் கண் எரிந்தது. பின்சுவரில் ஒரு ஜன்னலைப் பெரிதாக்கினால் போய்விடும் என்று தேன்மொழி பெஞ்சில் உட்கார்ந்தபடியே சொன்னாள். “நீ வாய மூடு. அப்பால பேசலாம்,” என்றார் சுகுணா. கல் காய்ந்ததும் முதல் தோசையை, மிளகாய் இல்லாத சட்னியோடு, அவள் மடியில் கொண்டுபோய் வைத்தார்.

இரண்டாவது எனக்கு வந்தது. புகைக்குள்ளிருந்து கேட்டார், “அண்ணி வர்றாங்களாமே? பிரபு சொல்லிச்சி.”

“ஆமாம்மா. அடுத்த வாரம். பிள்ளை பிறக்கிறவரைக்கும் இருப்பா.”

“எங்க தங்குவாங்க? அந்த ரூம்புல இவங்களுக்கே எடமில்ல.”

“பார்க்கணும். பக்கத்தில ஏதாவது...”

“இன்னாத்த பாக்கறது?” கரண்டியால் மேலே காட்டினார். “எங்க மாடி சும்மாதான் கீது. நானு யாருக்கும் வுடல.”